ஒலியை நீக்க வேண்டாம்

மார்ச் 4

அண்ணிக்கு,

வணக்கம் என்று ஆரம்பித்தால் நடிக்கிறாள் என்பீர்கள். ஆரம்பிக்காவிட்டால் திமிர் என்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து எத்தனையோ மாதமாகிவிட்டது. செய்யாமல் இருந்தாலும் பேச முடியாது, என் போனை விசாரணைக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், அவர் முழுவதையும் கேட்டு "ம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பள்ளிக்கூடத்தோடு எழுதுவதை விட்டவள் நான்.

எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும். எதற்கு என்று சொல்கிறேன், நடுவில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் ரோந்து போகும்போது சட்டையில் ஒரு கேமரா மாட்டிக்கொள்ள வேண்டும், உங்களுக்குத் தெரியும். அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் பதிவு நிற்கும். லேசாகத் தட்டினால் பதிவு ஓடுவதை ஞாபகப்படுத்தும் அதிர்வு மட்டும் நிற்கும். இரண்டுக்கும் நெஞ்சில் ஒரே மாதிரி ஒரு தடவை அதிரும். பயிற்சியில் சொன்னார்கள். நான் அன்று பின்வரிசையில் உட்கார்ந்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கொட்டும் மழையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனோம். லிஃப்ட் நின்றுபோய் ஆட்கள் மாட்டிக்கொண்டதில் கீழே தகராறு. லிஃப்ட் மெக்கானிக் அப்போதுதான் மூடிய கருவிப் பையோடு வந்திருந்தார். எங்கள் இன்ஸ்பெக்டர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். "நான் போனாத்தான் சார் லிஃப்ட் இறங்கும்" என்று அவர் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். இன்ஸ்பெக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "கேமராவ எல்லாம் அணைங்க" என்றார். எல்லோரும் அணைத்தார்கள். நானும் பொத்தானைத் தட்டினேன், அதிர்ந்தது, அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு லத்தியால் மெக்கானிக்கின் மணிக்கட்டை உடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்பேனரால் போலீஸைத் தாக்க வந்தார் என்று வழக்கு எழுதி மெக்கானிக்கை உள்ளே வைத்துவிட்டார்கள். வேலை முடிந்து கேமராவை ஸ்டாண்டில் மாட்டினோம். மாட்டியதும் பதிவெல்லாம் தானாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், யாராலும் அழிக்க முடியாது. கேமரா அறையில் இருக்கும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னடி இது, உன்னோடது மட்டும் அன்னிக்கு முழுக்க ஓடியிருக்கு" என்றார்.

ஆமாம், அன்று முழுவதும் பதிவாகியிருக்கிறது. அடித்தது, அதற்கு அப்புறம் நான் இன்ஸ்பெக்டர் மாதிரி தொப்பியைச் சரிசெய்து நடித்துக் காட்டியது, பாத்ரூமில் அழுதது, எல்லாமே. மறுநாளே நான் போய் மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரிக்கிறார், பதிவை ஒரு பொது ஹாலில் எல்லோர் முன்னாலும் போடுவார்கள்.

உங்கள் பங்கு இதுதான். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் நிற்க வைத்து என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தபோது, நான் ஓரமாக நின்று என் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். உங்களைப் பற்றித்தான். ஒரே நேரத்தில் இரண்டு பேச்சும் பதிவாகியிருக்கிறது. வெளியாள் ஒருவரின் சொந்த விஷயம் பதிவில் வந்தால் அவர் சம்மதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் ஒலியை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. என் பேச்சை ஊமையாக்கினால் இன்ஸ்பெக்டர் பேச்சும் சேர்ந்து ஊமையாகிவிடும். அது போய்விட்டால் மெக்கானிக்குக்கு மிச்சம் எதுவும் இல்லை. அடித்த இடத்தில் மழையும் இன்ஸ்பெக்டரின் முதுகும்தான் தெரிகிறது.

சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 9

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். லிஃப்ட் எப்படி நின்றது, பொத்தான் எப்படி அதிரும், எல்லாம் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன பேசினாய் என்பது மட்டும் இல்லை. கடையில் கெட்டுப்போன காயை அடியில் வைத்துக் கட்டிக் கொடுப்பார்களே, அந்த வேலை.

நான் ஒரு ஹாஸ்டலின் வார்டன். நூறு பெண்களின் சாக்குகளைத் தினமும் கேட்கிறவள். என்னிடம் பூசி மெழுகாதே.

எனக்கு வேலை கிடைத்த இந்த ஊருக்கு வர உன் அண்ணனுக்குச் சம்மதம்தான். உன் அம்மாவும் தன் வாயால்தான் வருகிறேன் என்றார். நான் யாரையும் கடத்திக்கொண்டு வரவில்லை. அதை நீ என்றைக்கும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, போகட்டும். பேசியது என்னவோ அதை அப்படியே எழுது, அதற்கப்புறம் யோசிக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன்னை விசாரித்தார் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அண்ணி

*

மார்ச் 13

அண்ணிக்கு,

அப்படியே எழுதுகிறேன். கேமரா அறை அக்கா எழுத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். படிக்கும்போது எனக்கே என் வாயில் அறைய வேண்டும் போல இருந்தது.

நான்: "எங்க அண்ணி இருக்காளே, அவ ஏற்கெனவே ஒரு கல்யாணம் பண்ணி, புருஷன் வீட்டை விட்டு ஓடி வந்தவ. யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டையே தாங்காதவ எங்க வீட்டை எப்படித் தாங்குவா? எங்க அம்மாவையும் அண்ணனையும் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிட்டா."

அதே நேரம், பின்னால் இன்ஸ்பெக்டர்: "எல்லாரும் ஒரே மாதிரி எழுதுங்க. ஸ்பேனரால அடிக்க வந்தான், தற்காப்புக்கு அடிச்சோம். பை மூடித்தான் இருந்துச்சுன்னு எவனாவது எழுதினீங்க, அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

இவ்வளவுதான். இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் குறட்டை விடுவீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஏன் பேசினேன் என்று கேட்பீர்கள். ஒரு மனிதனின் கை உடைகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன் அண்ணி. அடித்தவரை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்த நேரம் பார்த்து சிநேகிதி போன் செய்து, உங்க அம்மா போட்டோவை அண்ணி போட்டிருக்காங்களே, ரொம்ப நல்லா இருக்காங்களே என்றாள். அவள் அனுப்பிய அந்த போட்டோவில் அம்மா எனக்குத் தெரியாத ஒரு புதுப் புடவையில், எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மேல் வர வேண்டிய கோபம் முழுக்க உங்கள் மேல் இறங்கிவிட்டது. திட்டினால் திருப்பி ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் நீங்கள்தான் இருந்தீர்கள்.

யூனிஃபார்மை வாங்கி வைத்துக்கொண்டு, என்னை இப்போது பழைய பொருள் வைக்கும் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு மேஜை. யாரும் என்னோடு பேசுவதில்லை, டீ வாங்கப் போனால்கூட நகர்ந்து நிற்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மெக்கானிக்கின் மனைவி தினமும் காலையில் வெளியே கேட்டருகில் வந்து நிற்கிறாள். என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அவரு விரலெல்லாம் அசையுதா மேடம்?" உள்ளே சரியாகக் கட்டுப் போடவில்லையாம். ஸ்குரூ பிடிக்கிற கை அது.

சம்மதம் கொடுங்கள் அண்ணி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதினால் நாடகம் என்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன்.

நாத்தனார்

*

மார்ச் 19

சின்னவளுக்கு,

முடியாது.

உன் கடிதத்தை ஹாஸ்டலில் மெத்தைகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். வீட்டில் வைத்துப் படிக்க முடியவில்லை. எங்கள் மகள் சிட்டு எதைப் பார்த்தாலும் பிரித்துப் படிப்பாள், பதினைந்து வயது. அவளுக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியாது. இங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் என்னை "இரும்பு கேட்" என்று கூப்பிடுகிறார்கள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்து. அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. இரும்புக்கு முன்கதை கிடையாது.

உலகத்தில் அது தெரிந்தவர்கள் என் பிறந்த வீட்டார், உன் அண்ணன், நீ. உனக்கு ஏன் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் கல்யாணம் பேசிய அந்த ஆள் போலீஸ் வேலையை விட்டால்தான் ஆச்சு என்றான். நீ விட்டுவிடலாம் என்று என் மடியில் படுத்து அழுதாய். அப்போது சொன்னேன். ஒன்றை விடு என்று ஆரம்பிப்பவன் ஒன்றோடு நிறுத்த மாட்டான், எனக்கு நடந்தது இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ மறுநாள் அவனை வேண்டாம் என்று சொன்னாய். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உன் உடம்பில் அந்தச் சட்டையே இருந்திருக்காது. அந்தச் சட்டையில் மாட்டிய கேமராவில் நீ என்னை ஓடி வந்தவள் என்கிறாய்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

அந்த மெக்கானிக்குக்காக வருத்தப்படுகிறேன். அவர் மனைவிக்காகவும்தான். ஆனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரு ஹாலில் என் வாழ்க்கையை ஒலிபெருக்கியில் போடச் சம்மதிக்க நான் என்ன கல்லா? வேறு வழி பார். கெட்டிக்காரிதானே நீ.

படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. கிழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அண்ணி

*

மார்ச் 23

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னது நியாயம். ஒலியை நீக்கிவிடுங்கள் என்று கேமரா அறை அக்காவிடம் சொல்லிவிட்டேன். விசாரணையில் நான் கேட்டதை நானே வாயால் சொல்வேன். மற்றவர்கள் எல்லோரும் இன்ஸ்பெக்டர் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நான் ஒருத்தி மட்டும் மாற்றிச் சொன்னால் எடுபடுமா என்று தெரியவில்லை. சொல்லத்தான் போகிறேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் கிடங்குக்கு வந்தார். சைக்கிள் சீட் ஒன்றைத் துடைத்துவிட்டு அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அப்பா மாதிரி பேசினார். "உங்க அம்மா வேற ஊர்ல இருக்காங்களாமே. பாவம், வயசான காலத்துல. அந்த ஊருக்கே டிரான்ஸ்ஃபர் போட்டுடலாம்மா, ஒரு வாரத்துல ஆர்டர் வரும். நீ அன்னிக்குப் போன்ல பேசிட்டிருந்த, எதுவும் சரியா காதுல விழலைன்னு சொல்லிடு. உண்மையும் அதுதானே?"

நான் எதற்கு ஏங்குகிறேன் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரியே இருந்தது. அப்புறம், "எனக்குக் காது நல்லா கேக்கும் சார்" என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இனிமேல் அந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கனவிலும் கிடைக்காது. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம், நாத்தனார் தொல்லை இல்லை.

விசாரணை ஏப்ரல் எட்டாம் தேதி. இனிமேல் இதைப் பற்றி எழுதி உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அது மன்னிப்பில் அடங்குகிற விஷயம் இல்லை.

நாத்தனார்

*

மார்ச் 30

சின்னவளே,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்புகிறேன். கிழிக்கவில்லை. மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன்.

உன் கடைசிக் கடிதத்தையும் அந்த அறைக்குள் ஒளிந்துகொண்டுதான் படித்தேன். வெளியே ஒரு பெண் கதவைத் தட்டி, "மேடம், உள்ள இருக்கீங்களா?" என்றாள். நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். சாவிக் கொத்து என் இடுப்பில், நானே ஒளிந்துகொண்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எதற்கு இப்படித் திருடி மாதிரி இருக்கிறேன்? நான் யார் வீட்டில் என்ன திருடினேன்? அடித்தவன் எங்கோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான், அடி வாங்கிய நான் மெத்தைகளுக்கு நடுவில். உன் இன்ஸ்பெக்டர் கதையும் அதேதான் என்று அப்போதுதான் உறைத்தது.

யாரோ பேர் தெரியாத மனிதருக்காக நீ அம்மாவிடம் வருகிற வழியையே அடைத்துக்கொண்டாய். உன்னைப் போல முட்டாள் கிடையாது. உன்னைப் பெற்ற வயிற்றுக்கு இன்றைக்கு நானே சோறு பரிமாறினேன், பெருமையாக இருந்தது.

ஆனால் நீ ஹாலில் போடுவதற்கு முன்னால் என் ஆட்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். உன் பல்லில் பட்டு வந்த கதையாக அது அவர்கள் காதுக்குப் போகக் கூடாது.

முதலில் சிட்டு. துணி மடித்துக்கொண்டே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளு அடிச்சாரா?"

"அடிச்சான்."

"நீங்க திருப்பி அடிக்கலையா?"

"இல்லடி."

"அடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துப் போய் அலமாரியில் வைத்தாள். அவள் தானாகத் துணியை எடுத்து வைத்தது இந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் உன் அம்மா. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் பெட்டியைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "அவன் இப்ப எங்க இருக்கான்?" என்றார். தெரியாது அத்தை என்றேன். "விசாரிச்சுச் சொல்லு. போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்றார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. உன் அண்ணன் பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். கட்டில் குலுங்கியதைப் பார்த்தேன், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

கடைசியாக ஹாஸ்டல். சாப்பாட்டு ஹாலில் எழுந்து நின்றேன். நான் எழுந்தால் குழாயைச் சரியாக மூடவில்லை என்று யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம், எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். முடித்ததும் கடைசி வரிசையில், தினமும் தாமதமாக வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற பேங்க் கிளார்க் எழுந்து, "மேடம், அப்ப இனிமே கேட்டை ஒன்பதரைக்கு மூடுவீங்களா?" என்றாள்.

"ஒன்பதுக்குத்தான்" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது போலிருக்கிறது.

ஒலியை நீக்க வேண்டாம் என்று உன் கேமரா அறை அக்காவிடம் சொல். குறட்டை விஷயத்தை மட்டும் நீக்க வழி இருந்தால் பார்.

அண்ணி

*

ஏப்ரல் 14

அண்ணி,

பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். ஹாலை விட்டு வெளியே வந்து நான் உங்களைத் தேடாத இடமில்லை. டீக்கடையில் கேட்டேன், ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "கொண்டை போட்ட அம்மாவா? அப்பவே போயிட்டாங்களே" என்றார்கள். வருகிறேன் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே நீங்கள். அதனால் நீங்கள் கண்ணால் பார்த்ததையே உங்களுக்கு எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

பின்வரிசையில் நீங்கள் இருந்தது எனக்குத் தெரியாது. நான் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டரின் வக்கீல் எழுந்தார். படிவத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"இந்தச் சம்மதத்தை நம்ப முடியாதுங்க. தன்னைப் பத்தி இவ்வளவு கேவலமா பேசின நாத்தனாருக்கு எந்த அண்ணி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாங்க? இதை இந்த கான்ஸ்டபிளே போட்டிருக்கணும். ஒலியை நீக்கிட்டுத்தான் போடணும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மெக்கானிக்கின் மனைவி சேலை முனையை வாயில் அழுத்திக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன் அண்ணி.

அப்போது பின்னாலிருந்து உங்கள் குரல். ஹாஸ்டலில் விளக்கை அணைக்கச் சொல்கிற அதே குரல்.

"நான்தாங்க அந்த அண்ணி. அது என் கையெழுத்துத்தான். வேணும்னா இப்பவே இன்னொரு தடவை போட்டுக் காட்டுறேன்."

எல்லோரும் திரும்பினார்கள். வக்கீல் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு நேரம் சரியில்லை. "அம்மா, உங்களைப் புருஷன் வீட்டை விட்டு ஓடி வந்தவன்னு இந்தப் பதிவுல சொல்லியிருக்காங்க. அது இத்தனை பேர் முன்னால கேக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?" என்றார்.

"ஒரு ஆட்சேபணை இருக்கு" என்றீர்கள்.

வக்கீல் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் போய்விட்டது.

"நான் ஓடி வரலைங்க. நடந்து வந்தேன். பட்டப்பகல்ல, முன்வாசல் வழியா, அவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, என் பெட்டியை நானே தூக்கிக்கிட்டு நடந்து வந்தேன். அதை மட்டும் திருத்தி எழுதிக்குங்க. மத்தபடி ஒரு எழுத்தையும் நீக்க வேண்டாம். முழுசா போடுங்க."

நீதிபதி குனிந்து அதை எழுதினார். நான் பார்த்தேன், நிஜமாகவே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "போடுங்க" என்றார்.

போட்டார்கள். என் கேவலமான வாய் ஒரு பக்கம், இன்ஸ்பெக்டரின் குரல் ஒரு பக்கம். "பை மூடித்தான் இருந்துச்சுன்னு எவனாவது எழுதினீங்க" என்று வந்ததும் ஹாலில் ஒரு சத்தம் எழுந்தது. இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகத் தலைக்குப் போனது, ஹாலுக்குள் தொப்பி போடக் கூடாது என்பதால் அங்கே சரிசெய்ய ஒன்றும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சக கான்ஸ்டபிள் எழுந்து, "அவங்க சொல்றது உண்மைங்க, நான் மாத்தி எழுதிட்டேன்" என்றான். அவனைத் தொடர்ந்து இன்னொருத்தன். என்னைப் பார்த்து நகர்ந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் அழுதேன், நன்றாக அழுதேன், இந்தத் தடவை பாத்ரூமைத் தேடவில்லை.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. மெக்கானிக்கின் மீது வழக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட், அவர் மேல் தனி வழக்கு. கையை மறுபடி சரியாகக் கட்ட டாக்டர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மெக்கானிக் வெளியே வந்ததும் மனைவியிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அந்த லிஃப்டை யாராவது சரி பண்ணாங்களா?" அவள் அவர் விரல் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசைந்தது அண்ணி, எல்லாமே அசைந்தது.

எனக்கு யூனிஃபார்ம் திரும்பக் கிடைத்துவிட்டது. பயிற்சி வகுப்பில் அந்தப் பொத்தானைப் பற்றி நான்தான் பாடம் எடுக்க வேண்டுமாம். போனும் கொடுத்துவிட்டார்கள். உங்கள் நம்பரை அழுத்திப் பார்த்தேன், மணி அடித்தது. பயத்தில் நானே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

உங்கள் சின்னவள்

*

ஏப்ரல் 18

சின்னவளே,

மணி அடித்ததைப் பார்த்தேன். எடுப்பதற்குள் வைத்துவிட்டாய். இன்ஸ்பெக்டரை எதிர்த்து நின்றவளுக்கு அண்ணியிடம் பேசப் பயமா?

அன்று உன்னைப் பார்க்காமல் வந்ததற்குக் காரணம் ஒன்பது மணி கேட் மட்டுமில்லை. உன்னைப் பார்த்தால் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதுவிடுவேன், அவ்வளவு பேர் முன்னால் கெத்தாகப் பேசிவிட்டு அழுதால் நன்றாகவா இருக்கும்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், "துக்கமாம்மா?" என்றார். "இல்லைங்க, ஜெயிச்சுட்டோம்" என்றேன். அவர் ஏதோ தேர்தல் என்று நினைத்திருப்பார்.

நான் சொன்னதைப் பேப்பரில் போட்டுவிட்டார்கள். உன் அம்மா அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார், படிக்கக் கண் தெரியாவிட்டாலும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். சிட்டு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் கசக்கிக்கொண்டு வந்தாள். உன் அண்ணன் நேற்றுக் காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைத்திருந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. முழுவதும் குடித்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடந்தது. இன்று மத்தியானம் ஹாஸ்டல் வாசலில் ஒரு பெண் நின்றாள். முன்பின் பார்த்ததில்லை. கையில் ஒரு பெட்டி. வெயிலில் முகமெல்லாம் சிவந்து, வலது கன்னம் மட்டும் இன்னும் கூடுதலாகச் சிவந்திருந்தது. நான் போய்ப் பார்த்ததும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல பார்த்தேன். நடந்து வந்தவங்க நீங்கதானா?"

"நான்தான்" என்றேன்.

"நானும் நடந்துதான் வந்தேன்" என்றாள்.

சாவியைத் தேட எனக்குக் கை வரவில்லை. பின்னாலிருந்து அந்தப் பேங்க் கிளார்க் ஓடிவந்து என் இடுப்பிலிருந்து கொத்தை உருவி அவளே திறந்தாள். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது.

ஹாஸ்டலில் ஓர் அறையும் காலி இல்லை. உனக்காகப் பெருக்கி வைத்திருந்த எங்கள் வீட்டு அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஹாலில்தான் படுக்க வேண்டும், அதுவும் என் பக்கத்தில். குறட்டை வந்தால் வாயைத் திறக்காதே. சீக்கிரம் வா.

அண்ணி